முழங்காலுக்கு மேலே

நவம்பர் கடைசியில்
நூற்றுப் பன்னிரண்டு ஆப்பிள் மரங்களுக்கும்
கம்பிவலை கட்டினேன்.
மண்ணில் நாலு விரற்கடை புதைத்து,
முழங்கால் உயரத்துக்கு,
பட்டையில் உரசாமல்.
அடிமரத்துப் புல்லையும் செதுக்கி
வெறும் மண்ணாக்கினேன்.
வயலெலிக்கு வெட்டவெளி ஆகாது.
எனக்கும்தான்.

ஷிகேஜி குதிகாலில் கட்டோடு
பெட்டிமேல் உட்கார்ந்து
கம்பிச்சுருளை உருட்டிவிட்டான்.
"கட்டுவது கினுயோ, மேற்பார்வை நான்."
முப்பத்தொரு வருடமாக
அப்படித்தானே என்று நான் சொல்லவில்லை.

பிறகு பனி.
இவாகி மலையடியில்
பனி விழுவதில்லை, குடிவருகிறது.
ஒவ்வொரு பொழிவுக்கும் மறுநாள் காலை
ரப்பர் பூட்ஸ் மாட்டிப் போய்
மரம் மரமாகச் சுற்றி மிதிக்க வேண்டும்.
பொலபொலத்த பனிக்குள்
எலி தெருவே போட்டுவிடும்.
மிதித்து இறுகினால் நுழையாது.
மரத்துக்கு நாலு சுற்று.
செக்கைச் சுற்றினால்
எண்ணெயாவது மிஞ்சும்.

ஜனவரியில்
கூட்டுறவுச் சங்கக் குலுக்கலில்
எனக்குப் பரிசு விழுந்தது.
பிறந்ததிலிருந்து முதல்முறை.
மலைக்கு அந்தப் பக்கம் வெந்நீர் ஊற்று விடுதி,
இரண்டு இரவு, சாப்பாட்டோடு, ஒரு ஆளுக்கு.

போன அன்றே தொடங்கிவிட்டது.
கழுத்தளவு வெந்நீரில் கிடந்து
தொட்டி விளிம்புக் கல்மேல்
பனி ஓசையில்லாமல் ஏறுவதைப் பார்த்தேன்.
அழகு என்று
வாய்விட்டே சொன்னேன்.
எதிரில் இருந்த பெண் ஆமாம் என்றாள்.
பாதை மூடியது.
இரண்டு இரவு ஐந்தானது.
நண்டு நன்றாக இருந்தது.

ஏப்ரலில் பனி தாழ்ந்தபோது
சில மரங்களில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.
ஒட்டிக்கிடக்கும் பனி என்று
கையுறையால் தட்டினேன்.
உதிரவில்லை.
கட்டை.

பட்டை சுற்றிலும் இல்லை.
சீவிய பென்சில் முனைபோல
பொடிப்பொடியாய்ப் பல்தடம்.
பனி இன்னும் இறங்க
ஒரு சாண் கீழே
என் வலை தலைகாட்டியது,
ஒரு கீறலும் இல்லாமல்.

நான் கட்டியது முழங்காலுக்கு.
பனி வந்தது இடுப்புக்கு.
மிதிக்க ஆளில்லாத ஐந்து நாளில்
படியேறிப் போய்
மாடியில் விருந்து சாப்பிட்டிருக்கின்றன.
பதினேழு மரம்.

"வெந்நீர் நல்ல சூடா?" என்றான் ஷிகேஜி.
ஏற்கெனவே கேட்டதுதான்.
கேலி இல்லை.
வேறு பேச்சு அவனுக்குக் கிடைக்கவில்லை.

சுற்றிலும் பட்டை போன மரம்
உடனே சாகாது.
துளிர்க்கும், பூக்கக்கூடப் பூக்கும்.
இலை சமைத்தது மட்டும்
வேருக்கு இறங்காது.
பட்டினி கிடக்கும் பாதங்கள்மேல்
சிங்காரித்துக்கொண்டு நிற்கும்.

கவாத்து செய்தபோது வெட்டிய குச்சிகள் இருந்தன,
செய்தித்தாளில் சுற்றி
கொட்டகைக்குப் பின்னால்
அதே பனிக்குள் நான் புதைத்தவை.
கண் விழிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தன.
இரு முனையையும் ஆப்பாகச் சீவி,
காயத்துக்குக் கீழே ஒன்றைச் செருகி,
மேலே மற்றதைச் செருகி,
காற்றில் மரம் ஆடினால் பிய்ந்துவிடாதபடி
நடுவில் வில்லாக விட்டு,
சின்ன ஆணி, மேலே மெழுகு.
மரத்துக்கு ஐந்து.
எண்பத்தைந்து பாலம்.
ஒரு குச்சியைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.
எந்த மரத்தில் என்று
ராத்திரி படுத்த பிறகுதான் யோசித்தேன்.

ஜூன்.
பதினொன்று பிடித்துவிட்டது.
குச்சி பருத்து
தானும் மரம்தான் என்று துளிர்விடுகிறது,
கிள்ளிக் கிள்ளி எறிகிறேன்.
மூன்று இழுபறி.
மிச்ச மூன்றைப் பற்றி
எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

இடுப்புக்கு மேல் வலை கட்ட
எவ்வளவு ஆகும் என்று சங்கத்தில் கேட்டேன்.
விலை சொன்ன அதே மேசையில்
இந்த வருடக் குலுக்கல் சீட்டும் இருந்தது.
கொஞ்ச நேரம் நின்றேன்.
இரண்டு வாங்கினேன்.

முதல் பரிசு பனிவாரும் இயந்திரம்.
இரண்டாவது, அதே விடுதி.
விழுந்தால் ஷிகேஜி போகட்டும்.
குதிகாலுக்கு நல்லதாம்.